புதன்கிழமை மிஸ்கோல்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பாவம், மிஸ்ஸுக்கு வயசாகிவிட்டது, மண்டை குழம்பிவிட்டது என்று யாரும் பேசக் கூடாது. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். தேயிலை மலைக்குள் முனி நடக்கிற கதையெல்லாம் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கேட்டுச் சலித்த காது இது.

பதுளை டவுனில் ஒரு ஆலோசனை நிலையத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவருக்கு அதை எடுத்துக் கொடுப்பது, அடையாள அட்டைக்கு எழுதுவது, புருஷன் அடிக்கிறான் என்று வருகிறவளைச் சரியான ஆளிடம் கூட்டிக்கொண்டு போவது, மண்சரிவு பயமுள்ள லயங்களில் இருக்கிறவர்களுக்குப் புது வீட்டு விண்ணப்பம் நிரப்புவது, நிரப்பியதை மாவட்டக் கச்சேரி அலுவலகம் வரைக்கும் துரத்துவது. ஒரு காலத்தில் ஐந்து தோட்டங்களில் எங்களுக்குத் தோட்டத்துக்கு ஓர் அறை இருந்தது. வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு தோட்டம். வேன் இருந்தது, டிரைவர் இருந்தார், மலை ஏறி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வெளிக்கள ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

பிறகு வெளிநாட்டு உதவி பாதியானது. அடுத்த வருஷம் அந்தப் பாதியிலும் பாதி. வேன் போனது, டிரைவர் போனார், வெளிக்கள ஆட்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் மிஞ்சியது பதுளையில் மாடிப்படிக்கு மேலே ஓர் அறை, ஒரு போன், நான், போன் பேசவும் டைப் அடிக்கவும் ஒரு முஸ்லிம் பிள்ளை. டவுனில் அவளுடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை மிஸ் என்பாள். நான் கத்தினால் அவள் பயப்பட மாட்டாள். அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது.

தோட்டத்து அறைகளை மூடியபோது மிஸ்கோல் யோசனையைச் சொன்னது நான்தான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை வேறு. மலைநாட்டில் மிஸ்கோல் கொடுக்கத் தெரியாத ஆள் கிடையாது. கொழும்புக்குப் பஸ் ஏறிய மகன் ஒரு தடவை அடித்து வெட்டினால் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று அர்த்தம். ஒரு சதம் செலவில்லாமல் ஒரு சேதி. "எங்களுக்கு ஒரு மிஸ்கோல் போடுங்க, நாங்க திருப்பி எடுக்கிறோம்" என்று நம்பரை அட்டையில் அச்சடித்துத் தோட்டம் தோட்டமாகக் கொடுத்தேன். கூட்டத்தில் பெரியவர்கள் கை தட்டினார்கள். வாய் பேச முடிந்தவர்களுக்கு மட்டும்தான் போன் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கொஸ்லாந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு டிவிசன். பேர் வேண்டாம். அங்கே எங்களுக்குப் புதன்கிழமை முறை. அந்த டிவிசனில் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா இருந்தார். புருஷன் இல்லை. லயத்தில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை, பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மழை பெய்தால் தூக்கமே கிடையாது. அந்த அம்மாவுக்கு நான்தான் வீட்டு விண்ணப்பம் எழுதினேன். எழுதி மூன்று வருஷம். அறை இருந்தவரை புதன்கிழமை தவறாமல் வந்து நிற்பார். அறையை மூடியபிறகு புதன்கிழமை பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் மலையிலிருந்தே மிஸ்கோல் போடுவார். நான் திருப்பி எடுப்பேன். "என் வீடு என்னாச்சுங்க மிஸ்?" என்பார். "வரும், வரும்" என்பேன். வேறென்ன சொல்வது.

வீடு வருவதற்குள் அந்த அம்மா போய்விட்டார். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. சேதி பிந்தித்தான் கிடைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். ஹட்டன் பக்கமிருந்து தம்பிக்காரர் வந்திருந்தார். வேட்டியும் சால்வையுமாக எல்லாவற்றையும் அவரே நடத்திக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்குப் பின்னால யாரும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லைங்க மிஸ். எல்லாம் நான்தான் பாத்துக்கிறேன்" என்றார்.

ஒரு பொம்பளை எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசு இருக்கும். எனக்குச் சீனி போதவில்லை. "கொஞ்சம் சீனி குடும்மா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். என்ன திமிர் என்று எனக்கு ஏறிவிட்டது. இருந்தாலும் போகும்போது லயத்தில் எல்லோருக்கும் அட்டை கொடுத்தபோது அவளுக்கும் ஒன்றைக் கொடுத்தேன். போனை எடுத்து, ஒரு தடவை அடித்து வெட்டுவது எப்படி என்று எல்லோருக்கும் காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பொம்பளை என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து கடிதம். நடப்பில் இருக்கும் கோப்புகளைக் குறைத்துக் காட்டினால்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு உதவி என்றார்கள். முன்பென்றால் வெளிக்கள ஆள் ஒருவர் நேரே போய்ப் பார்த்து, இரண்டு பேர் கையெழுத்து வைத்துத்தான் ஒரு கோப்பை மூடுவோம். இப்போது யார் இருக்கிறார்கள் போவதற்கு? ஒரு மத்தியானம் உட்கார்ந்து முதல் பக்கத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, கட்டுக் கட்டாக மூடினேன். அந்த அம்மாவின் கோப்பும் அதில் போனது. விண்ணப்பதாரர் காலமானார், வேறு எவரும் இல்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்ததை எடுத்தேன்.

வைகாசியில் அந்த டிவிசன் லயங்களில் சிவப்பு மையால் அடையாளம் போட்டு, ஆட்களைக் கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்துக்கும் கூடாரங்களுக்கும் இறக்கினார்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று கிராம சேவகர் எங்களிடம் இருந்த பட்டியலைத்தான் வாங்கிக்கொண்டு போனார். உங்கள் பட்டியல்தான் மிஸ் ஒழுங்கு என்று புகழ்ந்துவிட்டு வேறு போனார்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. பத்து மணி தாண்டிக் கொஞ்ச நேரம். ஒரு மிஸ்கோல். தங்கச்சி நம்பரைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ், இது மௌத்தான அம்மாவோட நம்பர்" என்றாள்.

"சிம்மை யாருக்காவது கொடுத்திருப்பாங்க. திருப்பி எடு."

எடுத்தாள். அந்தப் பக்கம் போனைத் தூக்கினார்கள். பேச்சு இல்லை. தங்கச்சி ஹலோ ஹலோ என்று நாலைந்து தடவை சொல்லிவிட்டு ஒலிபெருக்கியில் போட்டாள். மூச்சு வாங்குகிற சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஒரு கோழி கேறியது. யாரோ தகரக் குவளையைக் கீழே வைத்தார்கள். "யாருங்க பேசுறது?" என்று நான் கேட்டேன். மூச்சு மட்டும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. அவசரமும் இல்லை, பதட்டமும் இல்லை. நாங்கள் வெட்டும்வரை அந்தப் பக்கம் வெட்டவில்லை.

அடுத்த புதன், அதே நேரம், ஒரு மிஸ்கோல். அதற்கடுத்த புதனும். திருப்பி எடுத்தால் அதே மூச்சு, அதே தண்ணீர். ஒரு தடவை மட்டும், மரத்தை இழுப்பது மாதிரி நீளமாக ஒரு சத்தம் கேட்டது. இப்போது யோசித்தால் அது சுவர் என்று தெரிகிறது. அன்றைக்குத் தங்கச்சி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தத் தோட்டத்துத் தலைவருக்குக் கோல் எடுத்தேன். தொழிற்சங்கத்து ஆள், நிதானமானவர். "அந்த அம்மா போனை இப்ப யாரு வச்சிருக்காங்க தலைவர்?" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "போனா? வெத்தலப் பையும் போனும் அந்தம்மா உசிருங்களே மிஸ். ரெண்டையும் பெட்டிக்குள்ள வச்சுத்தான் பொதச்சோம்" என்றார்.

எனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொன்னேன் அல்லவா. அது உண்மைதான். ஆனால் போனை வைத்துவிட்டு, தலைவர் சொன்னதைத் தங்கச்சியிடம் நான் சொல்லவில்லை. "லயத்துல யாரும் இருக்காங்களா" என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. மேலே யாரும் இல்லை என்று சொல்லும் பட்டியல் நான் கொடுத்த பட்டியல்.

புரட்டாசி கடைசிப் புதனில் தங்கச்சி உடைந்துவிட்டாள். "எனக்கு ஏலா மிஸ். புதன்கிழமை நான் லீவு எடுக்கிறேன், சம்பளத்தை வெட்டுங்க" என்றாள். அவளையும் இழந்தால் நிலையத்தில் நான் ஒருத்திதான். அதோடு ஒவ்வொரு தடவையும் திருப்பி எடுக்கிற நிமிஷங்கள் எங்கள் பேக்கேஜிலிருந்துதான் போகின்றன. எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படி. போனைப் பிடுங்கி அந்த நம்பரை பிளாக் செய்தேன்.

"உசிரோட இருக்கிறவங்களுக்கே பட்ஜெட் இல்ல. செத்தவங்களுக்கு எங்க போறது" என்றேன்.

தங்கச்சி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் பதுளை மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை என்று ரேடியோவில் சொன்னார்கள். போன் விடாமல் அடித்தது. ஹாலிஎலவில் பாதையில் மண், பசறைப் பக்கம் ஒரு லயத்துக்குள் தண்ணீர். மத்தியானம் யாரோ ஒருவர் பத்து தடவை முயற்சி செய்தும் எங்களுக்கு எட்டவில்லை என்று சண்டை பிடித்தார். தவறிப்போய் அவரையும் பிளாக் செய்துவிட்டேனோ என்று அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

அந்த அம்மாவின் நம்பர் அங்கே இருந்தது. பிளாக் செய்தாலும் வந்த அழைப்பெல்லாம் போனில் பதிந்திருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பிளாக் செய்த பிறகும் ஒவ்வொரு புதனும், பத்து மணி தாண்டி, ஒன்று. ஒன்று. ஒன்று. பிறகு, மழை தொடங்கிய அன்று காலையில் இரண்டு, அடுத்தடுத்து. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. மத்தியானம் இரண்டு. நேற்று முழுக்க இரண்டிரண்டாக. இன்று விடியற்காலையிலிருந்து இரண்டிரண்டாக.

கோப்பில் பக்கத்துக் காம்பரா பொம்பளையின் நம்பர் இருந்தது. அவர் இப்போது கீழ் டிவிசன் முகாமில். எடுத்து, பெட்டியில் வைத்த போனிலிருந்து கோல் வருகிறது என்றேன். பைத்தியம் என்று நினைத்தாலும் நினைக்கட்டும் என்று, ஒன்று வந்தது, இப்போது இரண்டு இரண்டாக வருகிறது என்றும் சொன்னேன்.

பிறகு அவர் சொன்னார். "பெட்டியில வச்சது கெட்டுப்போன செட்டுங்க மிஸ். நல்லத மக எடுத்து வச்சிக்கிருச்சு."

"எந்த மகள்?"

"ஊமச்சிங்க. காது கேக்காது, வாயும் வராது. காரியத்தன்னிக்கு உங்களுக்குக்கூட தேத்தண்ணி குடுத்துச்சே. மாமங்காரன் ஹட்டனுக்குக் கூட்டிக்கிட்டுப் போனான். நாங்க எறங்கினப்ப அது அங்கன இல்ல." பிறகு மிஸ்கோல் கணக்கைச் சொன்னார். "அம்மா மலைக்குப் போனா, அது வீட்டுல இருந்து அந்த இன்னொரு செட்டுல போன் போடும். ஒண்ணு அடிச்சா நல்லா இருக்கேன்னு. ரெண்டு அடிச்சா ஓடியாம்மான்னு. அம்மா திருப்பி அடிக்கும். போன் நடுங்குறது கையில தெரியும்ல, அது எடுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். வெட்டுற வரைக்கும் வச்சிருக்கும். அம்மா கேக்குதுன்னு அதுக்குத் தெரியும்."

இரண்டு மாதமாக ஒருத்தி ஒவ்வொரு புதன்கிழமையும் எனக்கு, நல்லா இருக்கேன் மிஸ், என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். போன் போட்டு வெட்டச் சொல்லிக் காட்டிக்கொடுத்தது நான். அவள் நான் சொன்னபடி செய்தாள். இப்போது மூன்று நாளாக வா, வா என்று கூப்பிடுகிறாள்.

பண்டாரவளை வரைக்கும் பஸ். அதற்குமேல் ஒரு ஆட்டோக்காரரிடம் கெஞ்சி, அவர் மாட்டேன் என்றபோது வாய்க்கு வந்தபடி திட்டி, பிறகு மறுபடி கெஞ்சிப் போனேன். வழியில் ஒரு சந்தியில் மழைக்கோட்டுப் போட்ட, சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். கீழ் டிவிசனில் தலைவரும் பக்கத்துக் காம்பரா பொம்பளையின் வீட்டுக்காரரும் குடையோடு நின்றார்கள். மூன்று பேரும் ஏறினோம்.

ஆள் இல்லாத லயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. போகிறவர்கள் கதவையும் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கதவில்லாத வாசல்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே சிவப்பு எண். உள்ளே அடுப்புக் கரி, சாமிப் படம் மாட்டியிருந்த இடத்தில் வெள்ளைச் சதுரம். பின்னால் வடிகால் கானில் தண்ணீர் ஓடவில்லை, சேறுதான் கொழகொழவென்று ஓடியது. கடைசிக் காம்பராவுக்கு மட்டும் கதவு இருந்தது. அதன் முன்னால் வாசல் கூட்டித் தெளித்திருந்தது. அந்த மழையிலும் கூட்டித் தெளித்திருந்தது. அதைப் பார்த்ததும் நான் நின்றேன். தலைவரும் நின்றுவிட்டார்.

கதவு திறந்தே இருந்தது. அவள் சின்னப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பை, கூடைக்குள் ரெண்டு கோழி. கையில் போன். பின்சுவர் வெடிப்பு இப்போது ஓர் ஆள் நுழைகிற அகலம். அதன் வழியாக மலை தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டி அந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுப் பயனில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். கோபம் இருக்கும் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டாள், கோழிக் கூடையை என்னிடம் கொடுத்தாள், எழுந்து நடந்தாள். பஸ் பிந்தி வந்தால் நாம் ஏறுவது மாதிரி.

மாமன்காரர் ஆடி மாதம் வரைக்கும் வைத்திருந்துவிட்டு, கையில் கொஞ்சம் அரிசியைக் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவள் வந்து இறங்கியபோது லயமே காலி, கரண்ட் மட்டும் இன்னும் வெட்டாமல் இருந்தது. எல்லோரும் எங்கே போனார்கள் என்று அவளுக்கு யார் சொல்வது, எப்படிச் சொல்வது? மலையில் வேலைக்கு வருகிற ஆட்கள் ரெண்டொருவர் தூரத்திலிருந்து புகையைப் பார்த்திருக்கிறார்கள். செத்த அம்மா அடுப்பு மூட்டுகிறார் என்று அந்தப் பாதையையே விட்டுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நான் படித்தவள், அலுவலகம் வைத்திருப்பவள், நானும் அதைத்தானே செய்தேன்.

முகாமில் அன்று மாலை அதிகாரி பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பொறுமையான மனுஷன். மறுநாள் காலையோடு பட்டியல் மூடுகிறது, அதில் இருப்பவர்களுக்குத்தான் புது வீடு என்றார். "பேரு?" என்று கேட்டார்.

பொம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஊமச்சின்னுதான் சொல்லுவோம்" என்றார் ஒருவர்.

"அது பேரா?" என்று நான் பாய்ந்தேன். "நாப்பது வருஷம் பக்கத்துல இருந்திருக்கீங்க."

பக்கத்துக் காம்பரா பொம்பளை தலையைக் குனிந்துகொண்டார். "பேரு வச்சிருப்பாங்க மிஸ். கூப்பிட்டா கேக்காதே, அதனால யாரும் கூப்பிட்டதில்ல. அப்படியே மறந்துபோச்சு."

அதிகாரி பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. "ஏதாவது ஒரு பேரு சொல்லுங்க மிஸ், போட்டுருவோம்" என்றார். அவள் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. நாளைக் காலை வரை இடம் விடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழி விலை பேசுகிற மாதிரிக் கெஞ்சினேன். விட்டார்.

பதுளைக்குத் திரும்பி, விடிந்ததும் அலுவலகத்தைத் திறந்து, மூடிய கோப்புகளின் கட்டை அவிழ்த்தேன். அந்த அம்மாவின் விண்ணப்பம். இரண்டாம் பக்கத்தில் வீட்டில் வசிப்பவர்கள் என்ற இடம். முதல் வரியில் அம்மா. இரண்டாம் வரியில் மகள். பேர், வயது, செவிப்புலன் இல்லை, பேச்சு இல்லை. எல்லாம் தெளிவாக, நீல மையில், என் கையெழுத்தில். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார், நான் கேட்டு எழுதியிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். தங்கச்சி வந்து பார்த்தபோது நான் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்று அவள் சொல்கிறாள். இருக்கலாம்.

அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது. நல்ல பேர். அழகான, பழைய காலத்துப் பேர்.

பட்டியல் மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார், என்னை ஒன்றும் கேட்கவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தின் மூலையில், பாயில் உட்கார்ந்து அவள் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தேன். தோளைத் தொட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும், உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாக, அந்தப் பேரைச் சொன்னேன்.

பிஸ்கட் கையிலேயே நின்றது. இன்னொரு தடவை சொன்னேன். அவள் கண் பெரிதாகியது. அவளை அந்தப் பேரால் கூப்பிட்டது இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான். அவள் குவளையைக் கீழே வைத்தாள். என்னைத் தள்ளிவிட்டு எழுந்து, வாசலுக்கு ஓடி, மழைக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள்.